எழுபதுக்குக் கீழே

சுகிர்தாவுக்கு விரல் நுனியைப் பார்த்தே ஆள் எந்தப் பிரிவு என்று சொல்லத் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையின் மருத்துவ அறையில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறாள். உலையடியில் நிற்பவர்களின் விரலில் ஊசி லேசில் இறங்காது. வெல்டர்களின் விரலில் பழைய தீப்புள்ளிகள் கறுத்துக் கிடக்கும். மாதம் ஒரு முறை சர்க்கரைக்காரர்களை வரிசையில் நிற்க வைத்து, விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, வந்த எண்ணை அட்டையில் எழுதுவாள். அந்த ஒரே எண்ணை நம்பித்தான் அடுத்த முப்பது நாளும் மாத்திரை. ஆட்களுக்கும் அது தெரியும். முதல் நாள் ராத்திரி பட்டினி கிடந்து வந்து நிற்பார்கள். எண் அழகாக வரும். அன்று மத்தியானமே கேன்டீனில் இரண்டு தட்டுச் சோறு போகும்.

கிரேன் ஓட்டும் கோபால் அந்த வரிசைப் பக்கமே வரமாட்டார். வயது நாற்பத்தேழு. கவரைப்பேட்டைக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் உருக்காலைக்கு வந்து கிரேன் கூண்டில் ஏறிப் பத்தொன்பது வருடம். உலையில் உருகிய இரும்பை ஒரு பெரிய கொப்பரையில் வாங்கி, அதை ஆட்களின் தலைக்கு மேலாகவே நகர்த்திக்கொண்டு போய், அச்சில் ஊற்றும் இடத்தில் சொட்டுச் சிந்தாமல் நிறுத்த வேண்டும். முப்பது டன். அந்த ஆலையில் இந்த வேலைக்கு நான்கே பேர். அவர்களில் கோபால் ஓட்டினால் கீழே நிற்பவர்கள் நிமிர்ந்தே பார்க்கமாட்டார்கள் என்று சொல்வார்கள், அவ்வளவு நம்பிக்கை.

அவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார் என்பது சுகிர்தாவுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் ஷிப்டு ஏறுவதற்கு முன்னால் மருத்துவ அறைக்குள் வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது. ஒரு பிடி குளுக்கோஸ் கேட்டார். அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, பத்து நிமிடம் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்சுலின் சர்க்கரையை இறக்கும். வேளைக்குச் சாப்பாடு கிடைக்காவிட்டால் இறங்க வேண்டிய அளவுக்கும் கீழே இறக்கிவிடும். அப்போது வேர்க்கும், கண் இருட்டும், ஆளே விழுந்துவிடலாம். அவருக்கு அது நடந்துகொண்டிருக்கிறது என்று பார்த்தவுடனே புரிந்துவிட்டது. எட்டு வருடமாக ஊசி போடுகிறாராம். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து டிபன் பையில் கொண்டுவருவாராம். உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு குத்திக்கொள்வாராம்.

"எழுதிடாதீங்க சிஸ்டர். தெரிஞ்சா கீழ எறக்கிடுவாங்க" என்றார்.

அவள் எழுதவில்லை.

அதற்கடுத்த வருடம் கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவந்தது. சென்னையிலிருந்து டாக்டர் நந்தினி என்ற சர்க்கரை நோய் நிபுணர் வந்தார். நடுத்தர வயது, சத்தம் போடாத பேச்சு. அவர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பத்து ரூபாய் நாணயம் அளவில் வெள்ளையாக வட்டமாக ஒன்று. மேல் கையின் பின்புறம் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். உள்ளே மயிரிழை போல ஒரு கம்பி தோலுக்கடியில் போய் நிற்கும். வலிக்காது. பதினான்கு நாள் இரவும் பகலும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எண் அவரவர் போனில் தெரியும்; சுகிர்தாவின் கம்ப்யூட்டரிலும் கோடாக ஓடும். விரும்பும் சர்க்கரைக்காரர்கள் எல்லாருக்கும் மூன்று மாதம் சென்சார் இலவசம். டாக்டரும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழக்கிழமை வருவார்.

சுகிர்தா அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் பொன்னேரி வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். மாதம் ஒரு தரம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த வீட்டுக்குள் முதல் முறையாகப் போய் உட்காரப் போகிறோம் என்று பட்டது. மகள் ஏஞ்சலிடம் சாப்பிடும்போது அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தாள். கணவன் போன பிறகு அந்த வீட்டில் இருவர்தான். சுகிர்தாவின் வேலை ஒப்பந்த வேலை. வருடா வருடம் மார்ச் மாதம் வந்தால் புதுப்பிப்பார்களோ மாட்டார்களோ என்று நாட்களை எண்ணிக்கொண்டிருப்பாள். இப்படி ஒரு திட்டம் நன்றாக நடந்தால் நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள் என்றும் அவள் நினைக்காமல் இல்லை.

நாற்பத்தோரு பேரை அவள்தான் பேசிப் பேசிச் சேர்த்தாள். கோபாலுக்கு மூன்று வாரம் ஆனது. கேன்டீன் வாசலில் நிறுத்திப் பேசினாள். கவரைப்பேட்டையில் அவர் இறங்குமுன் ரயிலிலேயே பேசினாள். அவர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். இந்தக் கோடு யார் யார் கண்ணில் படும்? நானும் டாக்டரும் மட்டும்தான் என்றாள். ஆபீசுக்குப் போகாதா என்றார். போகாது என்றாள். வேதப் புத்தகத்தின் மேல் சத்தியம் பண்ணுங்கள் என்று அவர் கேட்கவில்லை, அவளாகவே பண்ணினாள்.

ஒட்டிய முதல் வாரமே அவருடைய ஒன்பது வருடக் கதை வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு விடியலுக்கும் முன்னால் கோடு செங்குத்தாக விழுந்து ஐம்பத்திரண்டில் போய் நின்றது. அதற்கப்புறம் எகிறிக் காலையில் முந்நூறைத் தொட்டது. வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்காருவதை அவர் கெட்ட கனவு என்று நினைத்திருந்தார். அவருடைய மனைவி கங்கம்மா, ஊர்க் கோவிலில் கயிறுகூட மந்திரித்துக் கட்டியிருந்தாள். காலையில் முந்நூறைப் பார்த்த முந்தைய டாக்டர்கள் ஒவ்வொருவரும் ராத்திரி ஊசியை இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். கூட்டக் கூட்ட விடியலில் இன்னும் ஆழமாக விழுந்தது. டாக்டர் நந்தினி அந்தக் கோட்டைத் திருப்பிக் காட்டி, பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டு, கலப்பு இன்சுலினை நிறுத்தினார். நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் புது ஊசி ஒன்று. சாப்பாட்டுக்கு முன் சின்ன அளவில் இன்னொன்று. காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, அதனால் தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த முதல் பதினைந்து நாளுக்குள் இரண்டு முறை, ஷிப்டு நேரத்திலேயே, கோபாலின் எண் ஆபத்தின் எல்லையான எழுபதுக்குக் கீழே போயிருந்தது. மருந்து மாறிய பிறகு ஒரு முறைகூடப் போகவில்லை. ஆறு வாரத்தில் கோடு வயல் வரப்பு மாதிரி சின்னச் சின்ன மேடு பள்ளத்தோடு ஒரே மட்டத்தில் ஓடியது. முகம் தெளிந்தது. தூங்குறேன் சிஸ்டர், ஒன்பது வருசம் கழிச்சு இப்பதான் தூங்குறேன் என்று அவளிடம் சொன்னார். கங்கம்மா ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தனுப்பினாள்.

அதற்கப்புறம் ஆள் சேர்க்கும் வேலையைக் கோபாலே எடுத்துக்கொண்டார். கேன்டீனில் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுவார். ஆட்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பரோட்டா சாப்பிட்டுவிட்டு எவ்வளவு ஏறுகிறது, களி சாப்பிட்டால் எவ்வளவு என்று பந்தயம் கட்டினார்கள். இன்னொரு கிரேன் ஆபரேட்டரான அந்தோணி, தட்டில் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு எண்ணைப் பார்த்துச் சிரித்ததை சுகிர்தா பார்த்தாள். தன் வேலையில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் அவளுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் நந்தினி அறிக்கை கொடுத்துவிட்டு, ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று தன் போன் எண்ணைத் தந்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் பாதுகாப்பு மேலாளர் ஜெயராஜ் சுகிர்தாவைக் கூப்பிட்டார். ஜெயராஜ் கெட்ட மனிதர் இல்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் போய் நிற்பவர். அவளை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். கொதிக்கும் இரும்பைத் தூக்குகிறவர்கள், ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர்கள், உலையடியில் நிற்கிறவர்கள், இவர்களில் ஷிப்டு நேரத்தில் சர்க்கரை எழுபதுக்குக் கீழே போனவர்கள் யார் யார் என்று மட்டும் கேட்டார். அவள், அது வெளியே தரக்கூடாது என்று சொல்லித்தான் ஆட்களைச் சேர்த்தேன் சார் என்றாள். அவர் தலையை ஆட்டினார். புரிகிறது என்றார்.

"கீழ எட்டுப் பேர் நிக்கறாங்க சுகிர்தா. மேல முப்பது டன் கொதிக்குது. ஓட்டறவன் மயங்கி விழுவான்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த எட்டு வீட்டுக்கு நீ போய் பதில் சொல்லுவியா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. எழுந்துகொள்ளும்போது, மார்ச்சில் உன் விஷயத்தையும் மேலே பேசுகிறேன் என்று அவர் சொன்னார். அதைக் கடைசியில் சொன்னார் என்பதுதான் அவளுக்குப் பல நாள் உறுத்தியது. முதலில் சொல்லியிருந்தால் ஒருவேளை எழுந்து வந்திருப்பாள்.

கம்ப்யூட்டர் ஐந்து பெயர் காட்டியது. ஐந்தாவது கோபால். அவருடைய இறக்கங்கள் பழைய மருந்தில் நடந்தவை. இப்போது இல்லவே இல்லை. அவரைச் சேர்ப்பது அநியாயம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அந்தோணியுடைய இறக்கம்கூட ஒரே ஒரு நாள் கேன்டீன் வண்டி தாமதமாக வந்ததால் ஆனதுதான், அறுபத்து நான்கு. அதற்கும் அதே நியாயம் உண்டு. ஆனால் எல்லாப் பெயரையும் அடித்துவிட்டால் காகிதத்தில் எதுவும் இருக்காது. கோபாலின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு நான்கு பெயரை அச்சடித்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஆபத்தான வேலைகளில் இருக்கும் சர்க்கரைக்காரர்கள் இனி கட்டாயம் சென்சார் அணிய வேண்டும். ஷிப்டில் ஒரு முறை எழுபதுக்குக் கீழே போனாலும் அந்த வேலையிலிருந்து மாற்றம். டாக்டர் வருகை பற்றி ஒரு வரியும் இல்லை. அது திட்டத்தோடு முடிந்தது. பட்டியலில் இருந்த நான்கு பேரையும் பழைய இரும்பு பிரிக்கும் யார்டுக்கு அனுப்பினார்கள். கிரேன் கூண்டில் பதினாறு வருடம் உட்கார்ந்த அந்தோணி, வெயிலில் குனிந்து துருப்பிடித்த தகடு பொறுக்கினார். ஒன்றரை மாதம் பார்த்தார். ஒரு நாள் கையுறையைக் கழற்றி யார்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை.

கோபால் மருத்துவ அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்தோணி பேரை நீங்கதான குடுத்தீங்க?"

அவள் மறைக்கவில்லை. "உங்க பேரை நான் குடுக்கலண்ணா" என்றாள்.

அதைச் சொன்னதும் தன்னிடம் நன்றி எதிர்பார்க்கும் குரல் தொனிப்பது அவளுக்கே கேட்டது. கோபால் சென்சார் ஒட்டியிருந்த கையைத் தடவிக்கொண்டார்.

"சரி சிஸ்டர்" என்றார். "இனிமே எறங்காம பாத்துக்கறேன்."

அவர் என்ன சொன்னார் என்பது அவளுக்கு எட்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. வரப்பு மாதிரி ஓடிக்கொண்டிருந்த கோடு மெல்ல மேலே ஏறியது. இருநூறு. இருநூற்று அறுபது. அந்த வாரக் கடைசியில் முந்நூறைத் தாண்டி, அங்கேயே படுத்துக்கொண்டது. சாப்பிட்டாலும் அங்கேதான், சாப்பிடாவிட்டாலும் அங்கேதான். அவர் இன்சுலினை நிறுத்திவிட்டார். ஊசி போட்டால்தானே இறங்கும், போடாதவனுக்கு இறங்காது. இறங்கினால் கிரேன் போகும். ஏறினால் யாரும் கேட்கப்போவதில்லை. அறிவிப்பில் எழுபதுக்குக் கீழே என்றுதான் இருந்தது. மேலே என்று எதுவும் இல்லை.

மற்ற கோடுகளையும் திறந்து பார்த்தாள். பரசுராமன், உலையடி. ஃபோர்க்லிப்ட் ஓட்டும் இரண்டு பேர். இன்னும் சிலர். கோபாலையும் சேர்த்து எட்டுக் கோடுகள் ஒன்றன் பின் ஒன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

கோபாலைக் கூப்பிட்டனுப்பினாள், வரவில்லை. ரயிலில் பார்த்துப் பேசினாள். இது உள்ளே இருந்து அரிக்கும், கண் போகும், கிட்னி போகும், காலில் புண் வந்தால் ஆறாது என்று சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பையன் சாம்சனுக்கு டிப்ளமோ முடிய ஒரு வருடம் இருக்கிறது, அதுவரைக்கும் ஓட்டிவிடுகிறேன், அப்புறம் உங்கள் ஊசியெல்லாம் போட்டுக்கொள்கிறேன் என்றார். சாம்சன் கங்கம்மாவின் அண்ணன் மகன்; அந்த அண்ணன் மதம் மாறியவர்; தாய் தகப்பன் இல்லாததால் இவர்களோடு வளர்கிறவன்; அதனால்தான் அந்த வீட்டில் கிறிஸ்தவப் பெயர் என்று ஒரு காலத்தில் அவர் சிரித்துச் சொன்னதுண்டு. இப்போது சிரிக்கவில்லை. கவரைப்பேட்டை வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

சுகிர்தா டாக்டர் நந்தினிக்குப் போன் செய்தாள். டாக்டர் கேட்டுவிட்டு, அறிவிப்பின் வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இறங்கினால் தண்டனை என்றால் எவன் இன்சுலின் போடுவான் என்றார். அந்தக் கோடுகளை எல்லாம் உடனே அனுப்புங்கள், நான் உங்கள் கம்பெனிக்கு எழுதுகிறேன், தேவைப்பட்டால் நேரில் வருகிறேன் என்றார். சுகிர்தா அனுப்புவதாகச் சொன்னாள். மின்னஞ்சலைத் திறந்து எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாள். அனுப்பினால் யார் அனுப்பியது என்று ஜெயராஜுக்குத் தெரியும். மார்ச்சுக்கு ஐந்து மாதம் இருந்தது. நாளைக்கு அனுப்பலாம் என்று மூடினாள். அடுத்த நாளும் அதையே நினைத்தாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுபதுக்குக் கீழே போனவர்களின் பட்டியலை அவள் ஜெயராஜுக்கு அனுப்ப வேண்டும். வாரா வாரம் ஒரே வரி எழுதினாள்: யாரும் இல்லை.

நவம்பரில் சர்க்கரை நோய் தினத்துக்குக் கேன்டீனில் விழா வைத்தார்கள். நீலப் பலூன் கட்டினார்கள். நான்கு மாதமாக ஒரே ஓர் இறக்கம்கூட இல்லை என்று ஜெயராஜ் மைக்கில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். இந்தத் திட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர் என்று கோபாலை மேடைக்குக் கூப்பிட்டார். பின் வரிசையிலிருந்து அவர் எழுந்து வந்தார். இடது காலை முழுதாக ஊன்றாமல் வந்தார். மேடையின் மூன்று படியை ஏறக் கைப்பிடியைப் பிடித்தார். புது ஷூ சார், கடிக்குது என்று சிரித்தார். சால்வை போட்டார்கள். சுகிர்தா தட்டில் மாலையை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தரையில் புரண்ட சால்வை நுனியைத் தூக்கிவிடக் குனிந்தபோது அந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. பதினோரு வருட நர்ஸுக்கு அது என்ன வாடை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷூவுக்குள் கால் அழுகிக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். கோபால் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக, மற்றவர்களுக்குத் தெரியாமல், ஆட்டினார். போட்டோ எடுத்தார்கள். ஜெயராஜ் அவளையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவள் நின்றாள்.

மேடைக்குப் பின்னால் வைத்து, இப்போதே அறைக்கு வாங்கண்ணா, ஷூவைக் கழற்றிப் பார்க்கணும் என்றாள். ஷிப்டு முடிந்து வருகிறேன் என்றார். வரவில்லை. அவளும் கூண்டுக்கு ஆள் அனுப்பவில்லை. அனுப்பினால் விஷயம் வெளியே வந்துவிடும், அவர் கிரேன் போய்விடும், அதை நான் செய்ய வேண்டாம் என்று இருந்தாள். பிறகு அவள் இதை எத்தனையோ முறை திருப்பிப் பார்த்தாள். அவருக்காக இருந்தாளா, சனிக்கிழமைப் பட்டியலுக்காக இருந்தாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் கோபால் வேலைக்கு வரவில்லை. விழாவுக்குப் பல நாள் முன்னாலேயே யார்டைக் கடக்கும்போது ஒரு கம்பித்துண்டு ஷூவின் அடியைத் துளைத்து உள்ளே போயிருக்கிறது. உணர்ச்சி இல்லாத கால், வலிக்கவே இல்லை. கங்கம்மா சாக்ஸைத் துவைக்கப் போனபோதுதான் சீழைப் பார்த்தாளாம். அதற்குப் பிறகும் ஐந்து நாள் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு கிரேன் ஏறியிருக்கிறார். நான்கு பேரில் அந்தோணி போனபின் மூன்று பேர். லீவு கேட்டால் ஏன் என்பார்கள், காலைக் காட்டு என்பார்கள். ஜுரம் நூற்று நான்குக்குப் போய் வாய் குழறிய பிறகுதான் சென்னைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். சர்க்கரை ஐந்நூற்றுப் பத்து. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து சுகிர்தா அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, ஆப்பிள் வாங்கிக்கொண்டு, சர்க்கரைக்காரருக்கு ஆப்பிளா என்று பாதி வழியில் தோன்றி, அதையும் கையில் வைத்துக்கொண்டே போய் நின்றாள். கோபால் கட்டிலில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகக் கிடந்தது. கங்கம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். காபி கொண்டுவந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கோபமே இல்லாத முகம். அவளுக்கு ஒரு விஷயம் மட்டும் புரியாமல் இருந்தது. அதை நர்ஸிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்று இருந்திருக்கிறாள்.

"அந்த மிசினு அவர் கையிலயேதான இருந்துச்சு சிஸ்டர். எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல வந்துகினே இருக்கும்னு சொல்வாரு. இவ்ளோ ஏறிச்சே, அது சொல்லலியா?"

சுகிர்தா காபியைக் கீழே வைத்தாள்.

"சொல்லுச்சுங்க."

கங்கம்மா இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. அவள் முகம் மெல்ல மாறியதை சுகிர்தா பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கம்மா எழுந்தாள், பாதி குடித்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு சுகிர்தா புறப்படும்வரை வெளியே வரவில்லை.

கோபால்தான் பேசினார். குரல் இளைத்திருந்தது, ஆனால் நிதானமாகவே பேசினார். கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள், மெடிக்கல் அன்ஃபிட் என்று காகிதம் கொடுத்துவிட்டார்கள், சாம்சன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு குடோனுக்குப் போகிறான் என்றார். அப்புறம் அந்தோணி வந்ததைச் சொன்னார். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாராம். வேளைக்குச் சாப்பிடுகிறாராம், ஊசியும் வேளைக்குப் போடுகிறாராம், யாருக்குப் பயப்பட வேண்டும்.

"ரெண்டு காலோட நடந்து வந்து பாத்துட்டுப் போறான்" என்றார். போர்வையின் தட்டையான பக்கத்தை நீவிவிட்டு, "அன்னிக்கு என் பேரையும் சேத்துக் குடுத்திருக்கலாம் சிஸ்டர்" என்றார்.

அதில் குத்தல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவர் சொல்வது போலத்தான் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அவள் செய்த முதல் வேலை, மிச்சமிருந்த ஏழு பேரின் கோடுகளையும் அச்சடித்தது. பெயரை எடுத்துவிட்டு, வெறும் சென்சார் எண்ணோடு ஒன்றை டாக்டர் நந்தினிக்கு அனுப்பினாள். அதே போலப் பெயரில்லாத இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஜெயராஜிடம் போனாள். இந்த முறை உட்காரவில்லை. இந்த விதியால்தான் ஆட்கள் மருந்தை நிறுத்துகிறார்கள், கோபால் கால் போனதும் இதனால்தான், விதியை எடுங்கள், டாக்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள், இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தால் இந்த ஏழு பேரையும் பழையபடி கொண்டுவந்துவிடலாம் என்றாள். ஜெயராஜ் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். கோபால் விஷயத்தைக் கேட்டபோது அவருக்கு உண்மையிலேயே முகம் வாடியது. நீ முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். நீ சொல்வது சரி, ஏறுவதும் ஆபத்துதான், அதை நாங்கள் யோசிக்கவில்லை என்றார். டாக்டரின் கடிதமும் வந்தது. அதையும் மேலே அனுப்பினார்.

அடுத்த திங்கட்கிழமை பலகையில் பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார்கள். எழுபதுக்குக் கீழே என்ற வரி அப்படியே இருந்தது. அதன் கீழே இன்னொரு வரி சேர்ந்திருந்தது: தொடர்ந்து மூன்று நாள் இருநூற்றைம்பதுக்கு மேல் போனாலும் மாற்றம். சென்சார் எண்ணுக்கு உரிய பெயர்கள் ஸ்டோர் ரிஜிஸ்டரில் இருந்தன. அதைப் பார்க்க யாருக்கும் சுகிர்தா தேவைப்படவில்லை. ஏழு பேரையும் யார்டுக்கு மாற்றினார்கள். அதே வாரத்தில் அவளை நிரந்தரமாக்கிய உத்தரவும் வந்தது. மார்ச் வரைக்கும் காத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பரசுராமன் நின்றுகொண்டிருந்தான். உலையடியில் பன்னிரண்டு வருடம் நின்றவன், முப்பத்தெட்டு வயதுதான். அவளைப் பார்த்ததும் நேராக வந்தான். அடிப்பானோ என்று ஒரு கணம் பையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். அவன் சத்தம்கூடப் போடவில்லை.

"மொதல்ல எறங்குதுன்னு அந்தோணி அண்ணனைக் குடுத்தீங்க. இப்ப ஏறுதுன்னு எங்களைக் குடுத்தீங்க. எங்க மேல உங்களுக்கு இன்னா சிஸ்டர் கோவம்?"

கோபமில்லை, நல்லதுக்குத்தான் செய்தேன், விதியை எடுக்கச் சொல்லித்தான் போனேன் என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். தன் வாயிலிருந்து வருவதை அவளே நம்பவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டாள். வேறு ஒன்றைத்தான் சொல்ல முடிந்தது.

"இனிமே பயப்பட ஒண்ணும் இல்ல பரசு. இன்னிக்கே ஊசியைப் போடு. உன் காலு நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல."

அவன் அவளைப் பார்த்தான். வண்டி வரும் சத்தம் கேட்டு ஜனங்கள் முன்னால் நகர்ந்தார்கள். பரசுராமன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, சென்சாரின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பிய்த்தெடுத்தான். ஒரு துளி ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. அதை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கூட்டத்தோடு ஏறினான்.

சுகிர்தாவும் அந்த வண்டியில்தான் போக வேண்டும். ஏறவில்லை. கையிலிருந்ததைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வண்டிக்கு நின்றாள்.